காற்றுக்கு விலை ஏற்ற முடியுமா?

பெல்மதுளை மலைச்சாரலில் வாழும் நமக்குப் படகைப் பற்றி என்ன பேச்சு என்று நகைப்போர் உளர். 2022 ஆகஸ்டில், 87 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக ஏற்றப்பட்டது. லயத்து விளக்கும் மன்னார்க் கடற்றொழிலாளியின் படகு இயந்திரமும் ஒரே ஆணையால் தாக்குண்டன. அதை மறந்துவிட்டோமா?

பாய்மரத்தை மீட்போம், அதற்குத் துணையாகச் சிறு மின்மோட்டாரைப் பொருத்துவோம் என்கிறோம். “மின்கலம் கனமானது; நெடுந்தூரம் தாங்காது” என்பர் எதிர்ப்போர். உண்மை! எடைக்கு எடை மண்ணெண்ணெய் தரும் ஆற்றலை மின்கலம் தராது. ஆனால், நெடுந்தூரம் இழுத்துச் செல்வது காற்றின் வேலை. நீர்கொழும்பில் ‘ஒருவா’ எனும் தோணிகள் இன்றும் பாய் விரிக்கின்றன. காற்று ஓய்ந்த வேளையிலும், துறைக்குள் நுழையும்போதுமே மோட்டார் வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் வலு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். மெல்லச் செல்லும் தோணிக்குச் சிறு மின்கலமே போதும்.

கேரளத்து வைக்கத்தில் 75 பேரை ஏற்றும் ‘ஆதித்யா’ 2017இல் சூரிய ஒளியால் ஓடத் தொடங்கியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய, காற்று மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. அந்த மின்சாரத்தில் தீவுப் படகுக்கும் பங்கு வேண்டும்! இறங்குதுறைதோறும் மின்னேற்றும் வசதி வேண்டும்! கூட்டுறவுச் சங்கங்கள் வழியே தவணைக் கடனில் மின்கலம் வேண்டும்!

மண்ணெண்ணெய்க்கு நள்ளிரவில் விலை ஏற்றலாம். காற்றுக்கு விலை ஏற்ற எந்த அமைச்சராலும் இயலாது.