பகைவருக்கும் ஒரு செபம்

போர் ஓய்ந்தபின் திருச்சபைக்கு இரு பணிகள் காத்திருக்கின்றன. இடிந்த வீடுகளைக் கட்டியெழுப்புவது ஒன்று. முறிந்த உள்ளங்களை இணைப்பது மற்றொன்று. முன்னதற்கு நிதி வேண்டும். பின்னதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு எங்கே பிறக்கிறது என்பதற்குப் பாக்ஸ் கிறிஸ்தி எனும் அனைத்துலகக் கத்தோலிக்க அமைதி இயக்கத்தின் வரலாறு சான்றாகும்.

பிரான்சின் மொன்டோபான் மறைமாவட்ட ஆயர் பியர் மரீ தேயாஸ் ஆண்டகை, யூத மக்கள் நாடுகடத்தப்படுவதை 1942ஆம் ஆண்டில் சுற்றுமடல் மூலம் வன்மையாகக் கண்டித்தார். 1944ஆம் ஆண்டில் கைதாகி, கொம்பியேன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கும் சக கைதிகளிடம் பகைவரை நேசிக்குமாறு போதித்தார். துன்பத்தில் துவண்டிருந்த பலருக்கு அப்போதனை கசந்தது. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

அதே காலத்தில் மார்த் டொர்ட்டெல் குளோடோ என்ற ஆசிரியை, தம் நாட்டை ஆக்கிரமித்த ஜேர்மனிய மக்களுக்காகச் செபிக்கத் தொடங்கியிருந்தார். கிறிஸ்து மரித்தது எல்லா மனிதருக்காகவும் என்றால், நம் செபத்திலிருந்து எவரையும் விலக்க முடியுமா என்பதே அவரைத் தூண்டிய எண்ணம். அவர் ஆயரை நாடினார், ஆயர் செவிமடுத்தார். 1945ஆம் ஆண்டில் இயக்கம் உருவாயிற்று. பொதுநிலையினரின் உள்ளத்தில் தோன்றிய தூண்டுதலுக்கு ஆயரின் அதிகாரம் அரணாக நின்றது. 2007ஆம் ஆண்டில் ஆயர் கெவின் டௌலிங்குடன் மரீ டெனிஸ் என்ற பொதுநிலைப் பெண்மணி இணைத்தலைவராகத் தெரிவானமை அத்தொடக்கத்திற்குப் பொருத்தமான தொடர்ச்சியே.

இவ்வுறவு எப்போதும் எளிதாக அமைவதில்லை. 1951ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அனைத்துலகக் கரித்தாஸ் பேரவையின் அந்நாள் செயலாளர் நாயகம் மீண்டும் போட்டியிட 2011ஆம் ஆண்டில் வத்திக்கான் இசைவளிக்கவில்லை. 2022 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அதன் தலைமையினரைப் பதவிநீக்கித் தற்காலிக நிர்வாகியை நியமித்தார். நிதி முறைகேடு காணப்படவில்லை. நிர்வாகக் குறைபாடுகளே காரணமாகக் கூறப்பட்டன. 2023 மே மாதத்தில் புதிய தலைமை தெரிவாயிற்று. தொண்டுக்கு ஒழுங்கு வேண்டும். ஆனால் ஒழுங்கு தொண்டின் மூச்சை அடைத்துவிடலாகாது. இரண்டையும் காப்பதே தலைமைத்துவத்தின் கடமை.

நம் வடக்கிலும் கிழக்கிலும் 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் கரித்தாஸின் உதவிகள் மறைமாவட்டங்கள் ஊடாகவே மக்களை அடைந்தன. அவற்றை நன்றியோடு நினைவுகூருகின்றோம். எனினும் வீட்டுத் திட்டங்களோடு நம் பணி முடிந்துவிட்டதா? காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயின் கண்ணீருக்கு எந்த நிதியமும் ஈடாகாது. அவளுக்கு நீதி கோரும் குரலும் வேண்டும். அருகிருந்து கேட்கும் செவியும் வேண்டும். மன்னிப்பைப் போதிப்போர் உண்மையை மறைக்கலாகாது. தேயாஸ் ஆண்டகை அநீதியைக் கண்டித்த பின்னரே அன்பைப் போதித்தார்.

அன்பார்ந்தவர்களே! ஆயரும் அருட்பணியாளரும் பொதுநிலையினரும் ஒருவர்க்கொருவர் செவிமடுக்கும் பங்கிலேயே சமாதானம் வேரூன்றும். இன்றிரவு குடும்பச் செபத்தில் நமக்குத் தீங்கிழைத்த ஒருவரையும் நினைந்து செபிப்போம். அன்று ஓர் ஆசிரியை தொடங்கியதும் அவ்வளவே.