வல்லாரையும் பரிட்சையும் எண்ணூர் மண்ணும்



பரிட்சை மாசம் வந்தாச்சு. மீஞ்சூர் பக்கத்துல இருந்து ராயபுரம், திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குக் கீரை அனுப்புற எங்களுக்கு இது வல்லாரை சீசன். "புள்ளைக்குப் பத்தாவது பரிட்சை, வல்லாரை இருக்கா?"ன்னு கேட்டு வாங்குறாங்க. கட்டு நல்லா விக்குது, சந்தோஷம்தான். ஆனா வாங்குறவங்களுக்கு விக்கிறவன் சொல்ல வேண்டியது ரெண்டு விஷயம் இருக்கு.

முதல்ல, வல்லாரை தின்னா ஞாபகம் வருமா? பாட்டி சொன்னதை ஆராய்ச்சிக்காரங்க எலிகிட்ட சோதிச்சுப் பாத்திருக்காங்க. டெல்லி எய்ம்ஸ்ல செஞ்ச சோதனை 2002-ல வெளியாச்சு. வல்லாரையில இருந்து பல விதமா சாரம் எடுத்து எலிகளுக்குக் குடுத்தாங்க. தண்ணியில எடுத்த சாரம் குடுத்த எலிங்கதான் கத்துக்கிட்டதை நல்லா ஞாபகம் வெச்சிருந்துச்சு. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில எலிக்குட்டிகளுக்குப் பச்சை இலைச் சாறே குடுத்தாங்க. 4 வாரம், 6 வாரம்னு தொடர்ந்து குடிச்ச குட்டிகளுக்கு மூளையில ஞாபகத்துக்கான பகுதியில நரம்புக் கிளைகள் அதிகமா விரிஞ்சிருந்துச்சு.

பிரம்மின்னு பாக்கெட்ல விக்கிறது பல சமயம் வேற செடி, நீர்ப்பிரம்மி. வடக்கே வல்லாரையையும் சில பேர் பிரம்மின்னு சொல்றதால குழப்பம். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துல 1982-லயே நீர்ப்பிரம்மிச் சாரம் குடுத்த எலிங்க சீக்கிரம் கத்துக்குதுன்னு காட்டினாங்க. ஆஸ்திரேலியாவுல 2001-ல பெரியவங்களுக்கே தினம் 300 மில்லிகிராம் குடுத்துப் பாத்தாங்க. அதுலயும் பலன் தெரிஞ்சது 12 வாரம் கழிச்சுத்தான்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிறது இதுதான்: இது வாரக்கணக்குல வேலை செய்யற சமாச்சாரம். பரிட்சைக்கு முந்தின ராத்திரி துவையல் அரைச்சு ஊட்டிட்டு மார்க்கை எதிர்பாக்குறது வீண். எலிக்குக் குடுத்த அளவை நம்ம புள்ளைக்கு அப்படியே கணக்குப் போடவும் கூடாது, எலி உடம்பு வேற, மனுச உடம்பு வேற. கீரையைக் கீரையா வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பிடுங்க, போதும்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். அந்த வல்லாரை எங்க மொளச்சது?

வல்லாரை ஈரத்துல தானா படரும். வாய்க்கா ஓரம், கால்வாய்க் கரை, சாக்கடை வழியிற இடம்னு பாக்காது. மண்ணுல இருக்கிற ஈயம் மாதிரி உலோகங்களை இழுத்து வேர்லயும் இலையிலயும் சேத்து வெக்கும். மலேசியாவுல இதை 'பெகாகா'ன்னு பச்சையா தின்பாங்க. அங்க ஆராய்ச்சிக்காரங்க ஒரு இடத்து மண்ணு கெட்டிருக்கான்னு பாக்கவே இந்தச் செடியைப் பயன்படுத்தியிருக்காங்க.

நம்ம பகுதியைப் பாருங்க. கொசஸ்தலை ஆத்துல அனல்மின் நிலையத்துச் சாம்பல், மணலியில ஆலைங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோட பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் வந்த எண்ணெய். ஈயம் சின்னப் புள்ளைங்களோட படிப்பையும் ஞாபகத்தையும் கெடுக்கும்ங்கிறது உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட விஷயம். எலிகிட்டயும் அதையே பாத்திருக்காங்க. மூளைக்கு நல்லதுன்னு வாங்குற கீரையே மூளையைக் கெடுக்கிறதைச் சுமந்து வரக்கூடாதில்லையா? கழுவினா மேல இருக்கிற தூசிதான் போகும், வேர் இழுத்தது போகாது.

கால்வாய் ஓரத்துல பறிச்சுக் கூடையில வெச்சு விக்கிற அக்காக்களை நான் குறை சொல்லல. அவங்க வீட்டு அடுப்பு அதுலதான் எரியுது. மண்ணைக் கெடுத்தது அவங்க இல்ல. எங்க ஊரும் ரொம்பத் தள்ளி இல்ல, அதனால எங்க நிலத்தையும் சேத்துத்தான் பேசுறேன்.

காய்கறியில ஈயம் இவ்வளவுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டத்துல வரம்பு இருக்கு. எண்ணூர், மணலி, மீஞ்சூர் சுத்தி விளையிற, பறிக்கிற கீரையை அரசே எடுத்துச் சோதிக்கணும். முடிவைத் தமிழ்ல எழுதி மார்க்கெட் வாசல்லயே ஒட்டணும். எந்தக் கரை மோசம்னு தெரிஞ்சா அங்க பறிக்கிறவங்களுக்கு வேற இடம் காட்டணும், பிழைப்பைப் பிடுங்கக்கூடாது. எங்க வயல் தேறலைன்னா அதையும் ஒட்டட்டும்.

அதுவரைக்கும் கீரைக்காரங்ககிட்ட "எந்த ஊர்ல விளைஞ்சது?"ன்னு கேட்டு வாங்குங்க. இல்லன்னா ஒரு பழைய தொட்டியில நல்ல மண்ணு, மக்குன எரு போட்டு, வேர் விட்ட கணு ரெண்டை நட்டு, அரை நிழல்ல வெச்சு தினம் தண்ணி விடுங்க. வீட்டுக்கு வேண்டியது அதுல பறிக்கலாம். என் வியாபாரம் நாலு கட்டு குறையும், பரவாயில்ல.