ஆய்வுச்சாலைக் குப்பியும் ஆருயிர்க் காப்பும்

பெரியகுளத்து மாந்தோப்பொன்றில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவரை வெறிநாய் கடித்ததெனக் கொள்வோம். அவருயிரைக் காப்பது யாது? மருத்துவர் கையிலுள்ள ஊசி என்பர் பலர். ஊசியிலுள்ள மருந்து என்பர் சிலர். அம்மருந்து உருவான ஆய்வுச்சாலையின் கண்ணாடிக் கலத்தையும், அதிலிட்ட கரைசலையும் நினைப்பவர் மிகச் சிலரே.

சான்று தேடி அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. நீலகிரிக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பழைய முறைப்படி, ஆட்டின் மூளையில் நோய்க்கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் அதனை மாய்த்து மருந்தாக்கினர். கடியுண்டோர் பல நாட்கள் வயிற்றில் ஊசி ஏற்றனர். மருந்தொடு கலந்த மூளைப்பொருளை எதிர்க்கப் புகுந்த உடல், சிற்சிலரிடத்துத் தன் நரம்புகளையே தாக்கிற்று. அவர் வாதநோயுற்றதும் உண்டு. 2004-ஆம் ஆண்டில் அம்மருந்து இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

இன்றைய மருந்தோ கலத்தில் வளரும் உயிரணுக்களின் வழியே உண்டாவது. அவற்றுள் 'வீரோ' என்னும் வகை, 1962-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்தினின்று பெறப்பட்டது. குன்னூரிலும் அவ்வகையால் மருந்து செய்தனர். உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கன்றின் சீரமும் அளவறிந்து கலந்த கரைசலிலேயே அவ்வுயிரணுக்களைப் பேணுவர். கலத்தில் ஒட்டியவற்றை டிரிப்ஸின் இட்டுப் பிரிப்பர். வயிற்றூசி ஒழிந்து, கையில் இடும் சில ஊசிகள் வந்தன. 1885-இல் பாஸ்டர் காட்டிய வழி அதுவே. மாறியவை கருவியும் கலவையுமே.

ஆதலின், கொள்கையை மனனம் செய்து கலவையைப் புறக்கணிக்கும் நம் வழக்கம் நன்றன்று. குப்பியின் மேலுள்ள பெயரைப் படித்து ஊற்றுவதோடு நம் மாணவரிற் பலர் அமைகின்றனர். அது யாரால், எவ்வாறு, என்று செய்யப்பட்டது என வினவுவாரில்லை.

விலையுயர்ந்த கருவிகளில்லாத கல்லூரி என் செய்யும் எனச் சிலர் கேட்கலாம். இராமநாதபுரக் கடலோரத்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கப்படுகின்றது. அதனை நிறுத்து, ஊட்டப்பொருள் சேர்த்து, அழுத்த ஆவியில் 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடம் வைத்துத் தூய்மை செய்து, தட்டுகளில் மாணவரே வார்க்கலாம். ஒரு தட்டில் ஒன்றும் விதையாது விடுக. அதிலும் கிருமி முளைப்பின், தம் கை பிழைத்ததென்று குறிப்பேட்டில் மறையாது எழுதுக. அவ்வெறுந்தட்டு கற்பிக்கும் வாய்மையை எந்தப் பாடநூலும் கற்பிக்காது.

மாந்தோப்புத் தொழிலாளி நம் குறிப்பேட்டை ஒருநாளும் காணார். எனினும், நாளை நம் மாணவரொருவர் மருந்துச்சாலையில் அமர்ந்து எழுதும் ஓர் அளவை நம்பியே அவர் தம் கையை நீட்டுவார். அந்நம்பிக்கைக்குத் தகுந்த கைகளைப் பயிற்றுவதே நம் ஆய்வுச்சாலையின் கடன் என்பது எமது துணிபு.