கொலைக்கும் உண்டோ காலக்கெடு?

பழிவாங்கும் கதைகள் இளையோர் உள்ளத்தில் நஞ்சைக் கலக்கின்றன என்று நம்மிடையே பெரியோர் சிலர் ஓயாது முழங்கி வருகின்றனர். 'ஒரு பள்ளித் தலைமையாசிரியர் பார்க்கத் தக்க நாடகமா ஐயா இது?' என்று நண்பர் ஒருவர் என்னையும் கடிந்துகொண்டார். அவர் சுட்டியது, 2008ஆம் ஆண்டில் ஜப்பானின் டி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'ரியூசெய் நோ கிசுனா' என்னும் தொடரை. கெய்கோ ஹிகாஷினோ எழுதிய புதினத்தின் நாடக வடிவம் அது. ஆம், பார்த்தேன், ஒரு பகுதியும் விடாமல் பார்த்தேன். பார்த்து முடித்தபின் என் நெஞ்சை உறுத்தியது, பழிவாங்கப் புறப்பட்ட பிள்ளைகளின் சினம் அன்று. அவர்களை அந்நிலையில் கொண்டு நிறுத்திய சட்டமே.

கதையை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்வேன். யோகோசுகா நகரில் சிறிய உணவகம் நடத்தும் தாய் தந்தையர்க்கு மூன்று பிள்ளைகள். எரிமீன்கள் விழும் காட்சியைக் காண, ஓரிரவு அம்மூவரும் பெற்றோர் அறியாமல் வெளியேறுகின்றனர். திரும்பி வந்தபோது பெற்றோர் கொலையுண்டு கிடக்கின்றனர். கொலைஞன் விட்டுச் சென்றது ஒரு குடை. ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள், பிறரை ஏமாற்றிப் பிழைக்கும் நிலைக்குத் தாழ்கின்றனர். 14 ஆண்டுகள் ஓடிவிட்டன. 15 ஆண்டுகள் நிறைந்துவிட்டால், கொலைஞனே நேரில் வந்து 'நானே கொன்றேன்' என்று நின்றாலும் அவனைத் தண்டிக்க இயலாது. ஏனெனில், அக்கொலை நிகழ்ந்த காலத்து ஜப்பானியச் சட்டம், கொலைக் குற்றத்திற்கும் 15 ஆண்டுக் காலவரம்பு விதித்திருந்தது.

நம் நாட்டில் கொலைக்கு இத்தகைய கெடு கிடையாது. ஆதலின், இஃது எழுத்தாளரின் கற்பனை என்று நம்மவர் எண்ணக்கூடும். கற்பனை அன்று. 1978ஆம் ஆண்டில் தோக்கியோவின் அடாச்சி வட்டாரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் காணாமற்போனார். 2004ஆம் ஆண்டில் அப்பள்ளியின் முன்னாள் காவலாளி காவல்துறையிடம் சென்று, அவரைக் கொன்று தன் வீட்டுத் தரையின்கீழ்ப் புதைத்ததை ஒப்புக்கொண்டான். நகரச் சீரமைப்புக்காக வீட்டைக் காலிசெய்ய நேர்ந்ததே அவன் வாயைத் திறந்தது. உடல் கிடைத்தது, வாக்குமூலம் கிடைத்தது, தண்டனை மட்டும் கிடைக்கவில்லை. கெடு கடந்துவிட்டது என்று சட்டம் கைவிரித்தது. உறவினர் இழப்பீடு கேட்டு வழக்காடி, 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றதே மிச்சம். ஆசிரியப் பணியில் ஆயுளைக் கழித்தவன் நான். இச்செய்தியைப் படித்தபோது, பழிவாங்குவது தீது என்று வகுப்பறையில் எத்தனையோ முறை சொன்ன என் நாவே ஒரு கணம் தடுமாறிற்று.

வரலாற்றைச் சற்றுப் பாருங்கள். தோக்குகாவா ஆட்சிக்காலத்தில், தன் பெற்றோரைக் கொன்றவனைத் தேடிச் சென்று பழிதீர்க்க, ஒரு சாமுராய் மேலிடத்தில் பதிந்து இசைவு பெறும் வழக்கம் இருந்தது. மெய்ஜி அரசு 1873ஆம் ஆண்டில் அதைத் தடை செய்தது. தண்டிக்கும் கடமை அரசினுடையது, தனி மனிதனுடையது அன்று என்பதே அத்தடையின் பொருள். நன்று, நாகரிகத்தின் வழியும் அதுவே. ஆனால், மகன் கையிலிருந்த வாளை வாங்கிக்கொண்ட அரசு, அவன் தலைமேலிருந்த கடனையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது அன்றோ? ஏற்ற கடனைத் தீர்க்காமலே, '15 ஆண்டுகள் ஆயின. கணக்கு முடிந்தது' என்று ஏட்டை மூட அதற்கு உரிமை தந்தவர் யார்?

காலவரம்பை ஆதரித்தோர் அதற்குக் காரணங்கள் கூறினர். நாள் செல்லச் செல்லச் சான்றுகள் அழியும். சாட்சிகளின் நினைவு மங்கும். குற்றமற்றவர் தண்டனை அடைய நேரும் என்றனர். இவ்வச்சம் நேர்மையானதே; மறுக்கவில்லை. ஆயினும், ஐயம் உண்டெனில் நீதிபதி விடுதலை செய்யட்டும். ஐயம் வரக்கூடும் என்பதற்காக வழக்கையே தொடுக்காதே என்பது என்ன நியாயம்? காலம் செல்லச் சினம் தணியும் என்றும் கூறினர். எவர் சினம்? நாளேட்டில் படித்து மறந்தவர் சினம் தணியும். பெற்றோரைப் பறிகொடுத்தவர் சினம் தணியும் என்று சட்டப் புத்தகத்தை வைத்துக் கணக்கிட முடியுமோ?

இனி என் நண்பருக்கு வருகின்றேன். இந்நாடகம் பழியைப் போற்றுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. முழுவதும் பார்த்திருந்தால் அவ்வாறு சொல்லார். கொலை நிகழ்ந்த இரவில் பின்வாயில் வழியாக வெளியேறிய ஒருவரைப் பல ஆண்டுகளுக்குப் பின் கண்ட பிள்ளைகள், அவரே கொலைஞர் என்று உறுதி கொள்கின்றனர். சான்று இல்லாமையால் பொய்ச் சான்றை உருவாக்கி, அவர் தலையில் பழியைக் கட்ட முனைகின்றனர். முடிவில் தெரிவது என்ன? அவர் கொலை செய்யவில்லை. கொன்றவர், இத்தனை ஆண்டுகளும் அப்பிள்ளைகளுக்கு ஆதரவாய் நின்ற காவல்துறை அதிகாரியே! அவரைக் காட்டிக் கொடுத்ததும் அந்தப் பழைய குடையில் இருந்த கீறல்களே. 14 ஆண்டுகளில் சான்று அழியவில்லை. அதைப் படிக்கும் கண்தான் இல்லாதிருந்தது. தன் கண்ணையே சாட்சியாகவும் தன் நெஞ்சையே நீதிமன்றமாகவும் கொள்பவன், நிரபராதியை அழித்துவிடுவான் என்பதை இதனினும் தெளிவாக எந்த நீதிபோதனை வகுப்பில் நாம் கற்பித்தோம்?

2004ஆம் ஆண்டில் செய்த திருத்தம் வரம்பை 25 ஆண்டுகளாக நீட்டியது. ஆனால் பழைய குற்றங்களுக்கு அது பொருந்தவில்லை. 2009ஆம் ஆண்டில், கொலையுண்டோரின் குடும்பத்தார் சங்கமாகத் திரண்டு, கெடுவையே நீக்குமாறு கோரினர். 2010 ஏப்ரல் 27ஆம் நாள், மரண தண்டனைக்குரிய கொலைகளுக்குக் காலவரம்பு இல்லை என்று நாடாளுமன்றம் முடிவு செய்தது; அன்றே சட்டம் நடைமுறைக்கும் வந்தது. 1995ஆம் ஆண்டில் ஒகாயாமா மாநிலத்தில் கணவனும் மனைவியும் கொலையுண்ட வழக்கின் கெடு அன்று நள்ளிரவோடு முடிய இருந்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் அக்கோப்பு என்றென்றைக்கும் மூடப்பட்டிருக்கும். முன்பே கெடு கடந்துபோன வழக்குகளுக்கோ அச்சட்டமும் உதவவில்லை.

அக்குடும்பத்தார் வாளைத் தேடவில்லை. பொய்ச் சான்றும் புனையவில்லை. அரசு ஏற்ற கடனை அரசே தீர்க்கட்டும் என்று அதன் வாயிலில் நின்று கேட்டனர். பழிவாங்கும் நாடகங்களைப் பிள்ளைகள் பார்க்கலாகாது என்று முழங்கும் பெரியோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே: தொலைக்காட்சியை அணைப்பது எளிது. நீதி கேட்டு வருபவனிடம் நாள்காட்டியைக் காட்டித் திருப்பி அனுப்பும் சட்டம் எங்கிருப்பினும், அதை எதிர்த்து முழங்குங்கள். அதன்பின் பிள்ளைகளிடம் 'பழி வேண்டா' என்று சொல்ல நமக்குத் தகுதி உண்டாகும்.