உலைக்கு உண்டு உறுதி, ஊருக்கு?

நாவலூருக்குத் தெற்கே, மாமல்லபுரத்தையும் கடந்தால் கல்பாக்கம் அணுமின் நிலையம். போரே மூண்டாலும் இத்தகைய நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31-ல் கையொப்பமிட்டன. 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி முதல் நாள், அணு நிலையங்களின் பட்டியலை இரு அரசுகளும் மாற்றிக்கொள்கின்றன. வரவேற்கிறோம்!

ஆனால், "பாகிஸ்தான் சிறிய நாடு, நமது குண்டைக் கண்டாலே அடங்கிவிடும்" என்று மார்தட்டுவோரைக் கேட்கிறோம்: அடங்கிற்றா? 1998 மே திங்களில் பொக்ரானில் இந்தியா வெடித்தது. அதே திங்களில் சாகாயில் பாகிஸ்தானும் வெடித்தது. மறு ஆண்டே கார்கில்! 527 வீரர்களைப் பறிகொடுத்தோம். அணுகுண்டு இருந்தது, போரும் வந்தது.

அணுகுண்டை முதலில் வீசமாட்டோம் என்பது 2003-ல் இந்தியா அறிவித்த கொள்கை. பாகிஸ்தான் அந்த வாக்கைத் தரவில்லை. ஏன்? படைபலத்தில் சிறியது, பெரும்படையைத் தடுக்கக் குண்டையே நம்புகிறது. சிறியவன்தானே என்று ஏளனம் செய்கிறார்களே, அந்தச் சிறுமையில்தான் ஆபத்தே இருக்கிறது!

தோழர்களே! உலைக்கு ஒப்பந்தம் உண்டு. உலையிலே உழைப்பவன் வீட்டுக்கு? நாவலூருக்கு? கராச்சித் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன் பிள்ளைகளுக்கு? எந்தப் பட்டியலிலும் இடமில்லை!

இரும்புக்கும் காரைக்கும் தந்த உறுதியை இரத்தமும் சதையுமான மக்களுக்கும் தரட்டும். அணு நிலையப் பட்டியலோடு ஊர்களின் பட்டியலும் கைமாறட்டும். இதைக் கோழைத்தனம் என்போர் சொல்லட்டும். சாகப்போவது மேடையிலே முழங்குவோர் மட்டுமல்லவே!