கட்லாவுக்கும் ரோகுவுக்கும் கல்யாணம்

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், பெங்களூர் - சேலம் ரோடே நின்றுவிடும். போன மாசம் அப்படி மாட்டிக்கொண்டதில், சரி என்று சித்தப்பா வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். மீன் குழம்பு! ஆனால் மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"கட்லான்னு சொல்லித்தான் குஞ்சு குடுத்தான். தலையைப் பாரு கண்ணு, இது கட்லாவா?"

கட்லாவுக்குப் பெரிய தலை, ரோகுவுக்குச் சின்ன தலை. பொட்டி தட்டுகிற எனக்கே கலப்பு என்று புரிந்தது.

ஆற்றில் இந்தக் கலப்பு அபூர்வம். இத்தனைக்கும் முட்டையும் விந்தும் வெளியே, தண்ணீரில்தான் சேருகின்றன. நெருங்கிய மீனினங்களைப் பிரித்து வைப்பது பெரும்பாலும் முட்டையிடும் இடம், நேரம், தன் இனத்து ஜோடியை அடையாளம் காணும் பழக்கம், இவ்வளவுதான். 1957-ல் ஒரிசாவில் ஹீராலால் சவுத்ரி பிட்யூட்டரி சாற்றை ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். பெரிய சாதனை, மறுக்கவே இல்லை. ஆனால் ரெண்டு இனத்துக்கும் ஊசி போட்டு ஒரே தொட்டியில் விட்டால் அந்த வேலியெல்லாம் காலி.

கோவேறு கழுதை மாதிரி மலடாக இருந்தால் கதை அதோடு முடியும். இதுக்கு மறுபடி குஞ்சு பிறக்குமே! அதையே அடுத்த வருஷம் தாய்மீனாக வைத்தால்? ரிவ்யூ பண்ணாமல் மெர்ஜ் பண்ணின கோடு கதிதான்.

"ரோகுவை விட வேகமா வளருது, சதையும் அதிகம், உனக்கென்ன வலிக்குது?" என்பீர்கள். கலப்பு என்று சொல்லி விற்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை.

போகட்டும், கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டவை. கெட்டால் சித்தப்பாவுக்கு நஷ்டம். என் பயம் வேறு. ஒகேனக்கலுக்கு மேலே காவிரியில் திமில் வைத்த மஹசீர் உண்டு. 50 கிலோவைத் தாண்டும் ராட்சசன். காவிரிப் படுகை தவிர உலகத்தில் எங்கேயும் கிடையாது. அதுக்கு 'டோர் ரேமாதேவி' என்று அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே வருஷம் அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலும் ஏறியது. நாம் என்ன பண்ணினோம்? பல பத்தாண்டுகளாக லோனாவ்லா பண்ணையில் பொரித்த வேறு மஹசீர் குஞ்சுகளை, பாதுகாப்பு என்ற பெயரில், அதே ஆற்றில் கொட்டினோம். வந்தது பெருகியது, இருந்தது சுருங்கியது. ரெண்டும் சொந்தக்காரர்கள் வேறு. ஜோடி கிடைக்காத கடைசி நாலு மீன் யாரோடு சேரும்?

தாய்மீனின் மரபணுவைப் பார்க்காமல் ஒரு குஞ்சைக்கூட ஆற்றில் விடக்கூடாது மக்களே. குட்டைக்கு விற்கிறவனும் என்ன குஞ்சு என்று பில்லில் எழுதித் தரணும்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி கண்ணு, அடுத்த தடவை நல்ல குஞ்சு எங்க வாங்கறது, அதைச் சொல்லு" என்றார். பேசாமல் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.