லேபிளை மூடுங்கள், வாயைத் திறங்கள்

பழைய பர்கண்டி ஒயினைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறவர்களில் பாதிப் பேர் குடித்ததைப் பற்றிப் பேசுவதில்லை, படித்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒன்பது வருடங்களாக டிஜோனில் இருக்கிறேன். டிசம்பர் விடுமுறை வந்தால் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு பழைய புட்டி வரும். இருபது, இருபத்தைந்து வருடம் நிலவறையில் கிடந்த புட்டிகள். அந்த மேசைகளில் கேட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சடங்கு எப்போதும் ஒன்றுதான். கொண்டுவந்தவர் லேபிளை எல்லோருக்கும் காட்டுவார். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, இன்றைக்கு என்ன விலை போகும் என்பதெல்லாம் ஊற்றுவதற்கு முன்பே சொல்லப்பட்டுவிடும். பிறகு மூத்தவர் ஒருவர் முகர்ந்து பார்த்து, "ஈரக் காடு, ராஸ்ப்பெரி, தோல்" என்பார். அடுத்தவர் "ஆமா, காடு" என்பார். மூன்றாமவர் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டுமே என்று "காளானும் இருக்கு" என்பார். கடைசியில் உட்கார்ந்திருப்பவர் தலையாட்டுவார். இதற்குப் பெயர் அனுபவப் பகிர்வாம்!

மூக்கு அவ்வளவு சுதந்திரமான உறுப்பு இல்லை. 2001இல் வெளியான ஒரு போர்தோ ஆய்வு இதைக் காட்டியது. ஒயினியல் படித்த 54 பேரிடம், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். அவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. கண் சொன்னதை மூக்கு நம்பியது, அவ்வளவுதான். வெறும் நிறத்துக்கே இந்தச் சக்தி என்றால், நாலு இலக்க ஈரோ விலையுள்ள லேபிளுக்கு எவ்வளவு இருக்கும்?

ரூடி குர்னியவான் இந்தப் பலவீனத்தை வைத்துத்தான் கோடிகள் சம்பாதித்தார். 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு அவர் வழியாக வந்த புட்டிகளில் பொன்சோ குடும்பத்தின் பழைய க்ளோ சாந்தெனியும் இருந்தது. அந்தத் தோட்டத்திலிருந்து அந்தக் குடும்பம் ஒயின் செய்யத் தொடங்கியதே 1982இல்தான். லோரான் பொன்சோ நேரில் போய் அவற்றை ஏலத்திலிருந்து எடுக்க வைத்தார். 2013இல் குர்னியவான் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடுத்த வருடம் பத்தாண்டு சிறை. அதற்கு முன்பு எத்தனை விருந்துகளில் அவர் கலந்த ஒயினை உலகின் பெரிய நாக்குகள் சப்புக்கொட்டிப் புகழ்ந்திருக்கும்! அவரைப் பிடித்துக் கொடுத்தது வருடக் கணக்கு. எந்த நாக்கும் இல்லை.

பழைய ஒயினில் இந்த ஆட்டு மந்தைப் பேச்சு இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் வயதான புட்டிகளில் இரண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. கார்க் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. பினோ நுவாரின் சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாகிறது. துவர்ப்பு மென்மையாகிறது. பழ மணம் ஒதுங்கி, சருகு, காளான், ஈரமண் எல்லாம் மேலே வருகின்றன. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இது. நடக்காமலும் போகும். 1990களின் நடுவிலிருந்து வந்த வெள்ளை பர்கண்டிகளில் கணிசமானவை காலத்துக்கு முன்பே ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போனது ஊரறிந்த கதை. எந்தப் பெரிய பெயரும் காப்பாற்றவில்லை.

இரண்டு வருடம் முன்பு அப்படி ஒரு வெள்ளை வந்தது. பெரிய தோட்டம், பெரிய பெயர். பெயர் வேண்டாம். நறுக்கி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் வாடை. மேசையில் எட்டுப் பேர் "தேன், வாதுமை, என்ன ஆழம்!" என்று வரிசையாகச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, படிக்க வந்து மூன்று மாதமே ஆன மதுரைப் பெண் என் காதில் மெதுவாக, "அண்ணா, இது கெட்டுப்போன மாதிரில்ல இருக்கு?" என்றாள்.

"சத்தமா சொல்லும்மா."

"ஐயோ, அவங்களுக்குத் தெரியாததா? நான் இப்பதான் முதல் தடவை குடிக்கிறேன்."

நானே சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, பழைய ஒயினுக்கு நாக்கு பழக வேண்டும் என்றார். ஆனால் புகழ்ந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட இரண்டாவது கிளாஸ் ஊற்றிக்கொள்ளவில்லை. புட்டி பாதிக்கு மேல் அப்படியே நின்றது. அதுதான் அந்த மேசையின் உண்மையான விமர்சனம்.

"அப்படின்னா நிபுணத்துவமே பொய்யா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டது என்று தெரிந்துகொள்வது படித்து வருகிற அறிவு. க்ளோ த வூஜோ என்று லேபிளில் போட்டிருந்தாலும், அந்த ஐம்பது ஹெக்டேரை ஏறக்குறைய எண்பது பேர் பிரித்து வைத்திருக்கிறார்கள், யார் செய்தது என்று பார்க்க வேண்டும் என்பதும் அறிவுதான். அறிவு எனக்கு வேண்டும். அறிவின் பெயரால் அந்தப் பெண்ணின் மூக்கை மூடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நம் ஆட்களிடம் எனக்குத் தனிக் கோபம் இருக்கிறது. வாழ்நாளில் ராஸ்ப்பெரிச் செடியைப் பார்க்காதவர் "ராஸ்ப்பெரி" என்கிறார். எதற்கு? ஆங்கிலத்தில் துவர்ப்பை ஒரு அடிப்படைச் சுவையாகக்கூட எண்ணுவதில்லை, வாய் உலர்கிற உணர்வு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. கொட்டைப்பாக்கின் துவர்ப்பு வேறு, வாழைப்பூவின் துவர்ப்பு வேறு, நெல்லிக்காயின் துவர்ப்பு வேறு என்று பாட்டி வீட்டிலேயே படித்துவிட்டோம். இளம் பினோவுக்கும் இருபது வயதுப் பினோவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல இதைவிடக் கூர்மையான கருவி எந்த மொழியில் இருக்கிறது? மக்கிய சருகு, மழை விட்ட தோப்பு, பழைய பெட்டிக்குள் வைத்த பட்டுப்புடவை என்று சொல்லுங்களேன். யார் அடிக்கப் போகிறார்கள்?

இந்த இதழை வாசிக்கிறவர்களுக்கு இது புதிய நோயும் இல்லை. பின்னட்டையைப் படித்துவிட்டு நாவலைப் புகழ்வதும், மூத்த எழுத்தாளர் "முக்கியமான படைப்பு" என்றதும் எல்லோரும் அதையே திருப்பிச் சொல்வதும் நாம் செய்வதுதானே?

பர்கண்டிக்காரர்களிடமே நல்ல மரபு ஒன்று உண்டு. நவம்பர் மூன்றாவது ஞாயிறு போன் நகரில் ஏலம். மறுநாள் மெர்சோ கிராமத்தில் போலே விருந்து. அறுவடை முடிவில் தொழிலாளர்களோடு உண்ட பழைய சாப்பாட்டை 1923இல் ஜூல் லஃபோன் மீட்டெடுத்தது அது. ஆளாளுக்குத் தங்கள் புட்டியைக் கொண்டுவந்து பக்கத்து மேசைக்கும் ஊற்ற வேண்டும். அங்கே ஓர் இலக்கியப் பரிசும் உண்டு, எழுத்தாளருக்கு நூறு புட்டி மெர்சோ. விருந்து இன்று பணக்காரக் கூட்டமாகிவிட்டது என்பது வேறு விஷயம். வேர் கூலிக்காரர்களின் சாப்பாட்டில் இருக்கிறது.

எனவே இந்த டிசம்பருக்கு மூன்று கோரிக்கைகள். புட்டிக்குக் காகிதம் சுற்றி ஊற்றுங்கள். பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். வாசிக்கும்போது புதிதாக வந்தவரிடமிருந்து தொடங்குங்கள், மூத்தவர் கடைசியில் பேசட்டும். பெரிய ஒயின் இதைத் தாங்கும். தாங்காத ஒயினுக்கு நாம் ஏன் பொய் சொல்ல வேண்டும்?